மீன் தொட்டி வாங்குவோர் முதலில் பில்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பலரும் வண்ணமீன் வாங்குகிறார்கள். கடையில் 'செட்' என்று கையில் கொடுப்பது ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு பிடி நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, இரண்டு கோல்டு பிஷ். பத்து நாளில் மீன் மிதக்கிறது. 'நமக்கு ராசியில்லை' என்று கிண்ணம் பரணுக்குப் போகிறது. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிண்ணத்தில் பிடிப்பது மூன்று, நான்கு லிட்டர். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அமோனியா அவ்வளவு குறைந்த தண்ணீரில் சீக்கிரமே நச்சளவை எட்டிவிடும். கோல்டு பிஷ்ஷோ அரை அடிக்கு மேல் வளரக்கூடியது, கழிவும் அதிகம். சின்னத் தொட்டி என்றால் பராமரிப்பு சுலபம் என்ற எண்ணம் தலைகீழானது. தண்ணீர் அதிகம் இருந்தால்தான், தீனி கொஞ்சம் கூடிப்போனாலும் மீன் தாங்கும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சரியான அளவு. விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். 5 மி.மீ. கண்ணாடி போதும். உயரத்தைக் கூட்டினால் அடியில் நீரின் அழுத்தம் கூடும், கண்ணாடியின் தடிமனையும் கூட்டியாக வேண்டும். நிரப்பிய தொட்டி ஏறக்குறைய 70 கிலோ வரும். டி.வி. ஸ்டாண்டு, பிளைவுட் மேஜையெல்லாம் ஈரம் பட்டு உப்பி வளைந்துவிடும், ஒரு மூலை இறங்கினாலும் கண்ணாடி விரியும். இரும்பு ஸ்டாண்டு, மேலே பலகை, அதன்மேல் தெர்மாகோல் அட்டை, பிறகு தொட்டி. வீட்டுக்குள் வைக்குமுன் ஒரு நாள் முழுக்க வாசலில் நீர் நிரப்பி, ஒட்டிய இடங்களில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்து பில்டர். பணத்தை இதில்தான் போட வேண்டும். பெட்டியில் 'மணிக்கு 800 லிட்டர்' என்று எழுதிய பவர் பில்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். 45 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 250 லிட்டர் ஓட்டம் போதும். அதற்கு மேல் போனால் கப்பி போன்ற சின்ன மீன்கள் எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும். எங்கள் பரிந்துரை, ஏர் பம்ப் தரும் காற்றால் நீரை ஸ்பாஞ்ச் வழியே இழுத்து வடிகட்டும் ஸ்பாஞ்ச் பில்டர். விலை குறைவு, குட்டி மீனை உறிஞ்சாது, மின்செலவு 3 முதல் 5 வாட்தான். இன்னொரு காரணமும் உண்டு. சீசன் காற்றில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மணிக்கணக்கில் கரண்டு வராது. அப்போது ஏர் பம்பிலிருந்து காற்று போகும் அதே டியூபை பேட்டரி பம்பில் மாட்டிவிடலாம், இன்வெர்ட்டரிலும் ஓட்டலாம்.

ஏர் பம்ப் வாங்கும்போது, டியூபில் மாட்டும் நான்-ரிட்டர்ன் வால்வு (காற்றைத் தொட்டிப் பக்கம் மட்டும் விட்டு, நீரைத் திரும்ப விடாதது) கேட்டு வாங்குங்கள். கையில் அடங்கும் சின்னச் சாமான், விலையும் அற்பம். கடையில் தாமாக எடுத்துத் தருவது அரிது. பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து கரண்டும் போனால், நீர் டியூபுக்குள் ஏறி மறுபக்கம் இறங்கும். பம்ப் பாழாகும், தரையெல்லாம் வெள்ளமாகும், கரண்டு வரும்போது ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு. வால்வில் உள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும். மின்வயர் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கிப் பிறகு மேலேறட்டும். வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கல் 3 முதல் 5 மி.மீ., ஒன்றரை அங்குலம் பரப்ப 11 கிலோ போல் ஆகும். இரண்டு கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். சிப்பி, பவளமும் அப்படியே. தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.சையும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏற்றிவிடும். பி.எச். 7இலிருந்து 8க்குப் போனால் அமோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. போர் தண்ணீர் உப்புக் கடினமாக உள்ள வீடுகளில் கப்பி, மோலி, பிளாட்டி நன்றாக வாழும். டெட்ரா வகைகளுக்கு மென்மையான நீர் வேண்டும். குழாய்த் தண்ணீரானால், அதிலுள்ள குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் மருந்து சேர்க்க வேண்டும்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல் பில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். அதிலிருந்து வரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்கு இரை. நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று, நான்கு கப்பி விடலாம். ஞாயிறுதோறும் எல்லா நீரையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் அந்த பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறார்கள். வாரம் கால்பங்கு நீர் மாற்றினால் போதும். அழுக்கான ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.

எல்.இ.டி. விளக்கு 6 முதல் 8 மணி நேரம். ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. குமுளி, மூணாறு பக்கம் இருப்பவர்கள் 50 வாட் வாங்கலாம். நீர் மாற்றும்போது அதன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீருக்கு வெளியே சூடேறிய ஹீட்டர் மறுபடி நீர் பட்டதும் வெடித்துவிடும்.

'மிஸ் கேரளா' மீன் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அருகிவரும் இனம். குளிர்ந்த, ஓட்டமுள்ள நீரில் கூட்டமாக வாழ்வது. இந்தத் தொட்டிக்கு ஆகாது. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீனும் வேண்டாம். அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிடக் கழிவு போடுவதே அதிகம், ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் குளத்தில் விட்டால் அங்கே பெருகி நாட்டு மீனின் இரையைத் தின்னும், வலையைக் கிழிக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
செங்கோட்டை