அடகு வைத்த தேர்தல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, பழையபடி படிக்க முடிகிறது. அதனால் நீ வம்புக்கு இழுத்த விஷயத்துக்கே வருகிறேன். கள்ள ஓட்டு மட்டும் இல்லாவிட்டால் 1996 ரஷ்ய ஜனாதிபதி தேர்தலில், பதவியில் இருந்த யெல்ட்சினைத் தோற்கடித்துக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜுகானோவ்தான் ஜெயித்திருப்பார் என்கிறாய்.

தில்லுமுல்லு நடந்தது, மறுக்கவில்லை. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில் முதல் சுற்றில் ஜுகானோவ் வெகுவாக முந்தினார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் யெல்ட்சின் முன்னே! யார் நம்புவது? ஆனால் அந்தச் சுற்றில் நாடு முழுக்கப் பார்த்தால் யெல்ட்சினுக்கு 53.8 சதவீதம், ஜுகானோவுக்கு 40.3. கிட்டத்தட்ட ஒரு கோடி ஓட்டு வித்தியாசம். அவ்வளவையும் பெட்டியில் திணித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் சந்தேகமெல்லாம் 1995 கடைசியில் நடந்த ஏலங்கள் மேல்தான். கஜானா காலி, சம்பளமும் பென்ஷனும் பாக்கி. அரசாங்கம் தன் பெரிய கம்பெனிகளின் பங்குகளை வங்கிகளிடம் அடகு வைத்தது. நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோகக் கம்பெனியின் 38 சதவீதம் 17 கோடி டாலர் கடனுக்குப் பொத்தானின் என்ற பணமுதலையின் வங்கிக்குப் போனது. ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிதான்! 35.5 கோடி தருகிறேன் என்று வந்த இன்னொரு வங்கியை, உத்தரவாதம் போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சூட்சுமம் தவணைத் தேதியில் இருக்கிறது. 1996 செப்டம்பருக்குள் கடனைத் திருப்பாவிட்டால் பங்கு மூழ்கிவிடும், வங்கி விற்றுக்கொள்ளலாம். தேர்தலோ ஜூனில். ஜுகானோவ் வந்தால் எல்லாம் கைவிட்டுப் போகலாம். யெல்ட்சினுக்கோ அந்த வருட ஆரம்பத்தில் ஆதரவு ஒற்றை இலக்கம். அப்புறம் கேட்க வேண்டுமா, யெல்ட்சினின் பிரசாரத்துக்கு வங்கிக்காரர்கள் பணம் கொட்டியது. என்.டி.வி. என்ற தொலைக்காட்சியின் தலைவர் மலஷென்கோ பதவியில் இருந்துகொண்டே யெல்ட்சினின் பிரசாரக் குழுவில் சேர்ந்தார். இரண்டு சுற்றுக்கும் நடுவில் யெல்ட்சினுக்கு மாரடைப்பு வந்ததை ஊருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். ஜூன் 19 அன்று அரசாங்கக் கட்டடத்திலிருந்து ஜெராக்ஸ் காகித அட்டைப்பெட்டியில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்த யெல்ட்சினின் பிரசார ஆட்கள் இருவர் பிடிபட்டார்கள். மறுநாள் வேலை போனது, அவர்களைப் பிடிக்கச் சொன்ன, யெல்ட்சினின் பாதுகாப்புத் தலைவர் கொர்ஷாகோவுக்கு!

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துக் கடை கியூ வரிசைகள் திரும்பிவிடுமோ என்று உண்மையிலேயே பயந்து ஓட்டுப் போட்டவர்களும் ஏராளம். அதை நீ எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். இத்தனை நடந்தும் ஜுகானோவ் ஏன் யெல்ட்சினுக்கு வாழ்த்துச் சொல்லி முடிவை ஏற்றுக்கொண்டார்? உன் தோழர்களை விசாரித்து எழுது.

அன்புடன்,
ராமு