அவன் ஏன் சொல்லவில்லை?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷாஃப்டில் பேரிங் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். உன்னிடம் வேலை பார்க்கும் அந்தப் பையன் வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டியிருக்கிறான். அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. மெஷின் ஓடி, சத்தம் வந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது. "தட்டினதுகூடப் பரவாயில்லைப்பா, ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றாய்.

நானும் ஒருவரிடம் இதையே கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் ஆன புதிது. ஒரு ஃபிட்டர் தகட்டை 3 மில்லிமீட்டர் குறைவாக வெட்டிவிட்டார். நேராக என்னிடம் வந்து சொன்னார். ஷிப்டே பார்க்க அவரைக் கத்தினேன். கண்டிப்பாக இருப்பதாக எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வாரம் கனமான தகடுகளில் வெல்டிங். 7018 என்ற வெல்டிங் ராடு வெளியில் கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் அதை ஓவனில் 120 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருந்து, எடுத்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லியிருந்தோம். ஒரு வெல்டர் முதல் நாள் மிச்சம் வைத்த ராடை இரவு முழுக்க வெளியிலேயே விட்டுவிட்டு, காலையில் அதையே வைத்து வேலையை முடித்துவிட்டார். மேலே பார்க்க அழகான வெல்டு. ஈரத்தோடு உள்ளே போன ஹைட்ரஜன் உடனே வேலையைக் காட்டாது. இரண்டு நாள் கழித்து உள்ளே ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையில் விரிசல் தெரிந்தது. மொத்த ஜாயிண்டையும் தோண்டி எடுத்துத் திரும்பப் போட்டோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னவருக்கு என்ன நடந்ததுன்னு பார்த்தேனே சார்" என்றார்.

அம்மா, அன்று எனக்கு உறைத்தது இன்றுவரை ஆறவில்லை. விரிசலுக்கு ராடு பாதிக் காரணம், என் வாய் மீதிக் காரணம்.

அதன்பின் ஒரு பழக்கத்தை வலுக்கட்டாயமாக வரவழைத்துக்கொண்டேன். யார் வந்து தப்பு நடந்துவிட்டது என்றாலும் முதலில் "யாருக்காவது அடி பட்டதா?" என்று கேட்பேன். அடுத்து, "இப்போ எதை நிறுத்தணும்?" எப்படி நடந்தது என்பதைப் பிறகு தனியாக உட்கார்ந்து கேட்பேன். கோபம் வராமல் இல்லை. அதை வெளியே விடாமல் இருக்கப் பல மாதம் ஆனது.

இதை இளகிய மனசு என்று யாராவது சொன்னால் நம்பாதே. வேறு யாரும் ஆன் பண்ணிவிடாதபடி மெயின் ஸ்விட்சில் தன் பூட்டைப் போடாமல் மெஷினுக்குள் கை விட்டவரை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், அந்த நிமிடமே வேலையிலிருந்து விலக்கி நிறுத்தியிருக்கிறேன். உயிர் விஷயத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆனால் என் பூட்டும் அங்கே தொங்கியது, என் சாவி என் பையில் இருந்தது. நாம் செய்யாததை அவர்களிடம் கேட்க முடியாது.

உன்னைவிட இருபது வருடம் மூத்த ஃபிட்டர் உன் பேச்சைக் கேட்பாரா என்றும் கேட்டாய். அவர் கைக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டாதே. வேண்டிய அளவை அவரிடம் சொல், அதை எட்டும் வழியை அவரிடம் விட்டுவிடு. வேலை நன்றாக இருந்தால் வெறுமனே "நல்லாருக்கு" என்று சொல்லாதே. எது நன்றாக இருக்கிறது என்று தொட்டுக் காட்டு. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பேரிங்கை வேறு யாரிடமும் கொடுக்காதே. அவனே மாட்டட்டும். ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் சுத்தியலே தேவைப்படாது, பேரிங் விரிந்து தானாக இறங்கும். மூத்தவர் ஒரு தடவை சொல்லிக்கொடுக்கட்டும், நீ பக்கத்தில் நில். அதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று எல்லோர் முன்னாலும் கத்தியது தப்பு என்று நீயே சொல்லிவிடு. நீ கத்தினதைப் போனில் சொல்லவில்லை. உன் குரலிலேயே தெரிந்தது.

மாட்டி முடித்ததும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா