போயா இரவுப் படங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வருகிற போயா (பௌர்ணமி) அன்று மாலை 6.30க்கு, கல்லடியில் வழமையான வீட்டு விறாந்தையில் படம். இந்தமுறை தெரிவு என்னுடையது. ஆகவே ரொக் இசையும், அதில் முரட்டு வேகமான வகையான பங்க்கும் பற்றிய படங்கள் தான், முகம் சுளிக்காதீர்கள்.

முதலில் 'வி ஆர் த பெஸ்ட்' (2013). 1982இல் ஸ்டொக்ஹோமில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் பங்க் குழு தொடங்குகிறார்கள். இருவருக்கு வாத்தியமே வாசிக்கத் தெரியாது. விளையாட்டுப் பாடத்தின் மேலுள்ள வெறுப்பையே பாட்டாக்கிவிடுகிறார்கள்! மூன்றாவது பிள்ளைக்கு மட்டும் கிட்டார் நன்றாக வரும், பக்தியான பிள்ளை. அவளுடைய நீண்ட தலைமயிரை மற்ற இருவரும் வெட்டுகிற இடத்தைப் பாருங்கள், சிரிப்பும் வரும், 'ஐயோ, தாய் என்ன சொல்லப்போகிறாளோ' என்று பயமும் வரும்.

அப்புறம் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' (1984). இல்லாத குழுவைப் பற்றிய பொய் ஆவணப்படம். அம்ப்ளிஃபயரில் சத்தம் 10 வரைக்கும் போதாதென்று 11 வரை வைத்திருப்பார்கள். நம்ம ஊர்த் திருவிழா ஸ்பீக்கர்காரர்களுக்குக் கட்டாயம் காட்டவேண்டிய படம்.

ஜோய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ரொக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் பற்றிய 'கன்ட்ரோல்' (2007) எனக்கு எல்லாவற்றிலும் மேல். ஆனால் கனமான கறுப்பு வெள்ளைப் படம், தனியாகப் பாருங்கள்.

பாய், நுளம்புத்திரி கொண்டுவாருங்கள். நல்ல ஸ்பீக்கர் யாரிடம் இருக்கிறது? பக்கத்து வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிறது, சத்தத்தை 4க்கு மேல் கூட்டமாட்டேன்.