எந்த மாசத்துச் செலவைக் கேட்கிறீர்கள்?

அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் இரண்டு ஏக்கரை, மாரிமழையோடு செய்யும் பெரும்போகத்துக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறோம்.

போன முறை வந்த உத்தியோகத்தர் தம்பி, "மாசம் எவ்வளவு செலவாகும் அக்கா?" என்று கேட்டார். "எந்த மாசம்?" என்றேன். சிரித்தார். அவருடைய படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தானாம். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வந்தால் எங்கள் வீட்டில் லட்சக்கணக்கில் செலவு. உரக்கடைக் கடன், உழவு கூலி, வெட்டு மெஷின் கூலி, அடகிலிருந்த தோடு, கடைக்காரர் கடன் எழுதும் கொப்பியின் பழைய பாக்கி. அவ்வளவு காசு கையை விட்டுப் போன அந்த மாசத்தில் அரைக் கிலோ மீன்கூடக் கூடுதலாக வாங்கியிருக்க மாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் கையில் காசே புழங்காது, அடுப்பு கொப்பியில் எரியும். குடும்பம் ஒன்றுதான், பதில் மட்டும் இரண்டு.

நாலு வீடு தள்ளி ஒருவர் இருக்கிறார். சொந்த வயல், நெல் காயவைக்கச் சீமெந்துத் தரை, மூடை அடுக்க ஓர் அறை. மழையும் வாய்க்கால் தண்ணீரும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், விளைச்சலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2025 பெப்ரவரியில் 'நாடு' ரக நெல்லைக் கிலோ 120 ரூபாவுக்கு வாங்குவதாக அரசு அறிவித்தது. ஆனால் ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது. அவர் காயவைத்துக் காத்திருப்பார். எங்களுக்கோ உரத்தைக் கடனுக்குத் தந்தவரின் லொறி வெட்டு மெஷினுக்குப் பின்னாலேயே வந்துவிடும். பச்சை நெல், அவர் சொல்கிற விலை. அப்புறம் ஆவணி தாண்டியதும் அரிசியைக் கிலோக் கணக்கில் கொப்பியில் எழுதி வாங்குவோம்.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது ஒரே வருசத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த வருசம் எங்கள் வீட்டில் பால்மா நின்றது, இன்னும் திரும்பவில்லை. சாப்பாடு குறைந்தது, செலவுத் தொகை கூடியது. உங்கள் கட்டத்தில் பார்த்தால் நாங்கள் முன்னேறியிருப்போம்!

2023இல் தொடங்கிய அஸ்வெசுமவுக்குக் கரண்ட் அலகு வரை பார்க்கிறீர்கள். சரி, பாருங்கள். அதோடு கடைக் கொப்பியையும் கேளுங்கள். கடன் அடைத்த காசைச் சாப்பாட்டுச் செலவோடு கூட்டாமல் தனியாக எழுதுங்கள். போன ஏழு நாளில் முட்டை, மீன், பருப்பு எத்தனை தரம் சமைத்தோம் என்று கேட்டால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தூரம் தெரியும். வருசத்தில் இரண்டு தரம் வாருங்கள், அறுவடை முடிந்து ஒருக்கா, கார்த்திகையில் ஒருக்கா.

கார்த்திகையில் வரும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்.

இப்படிக்கு,
தம்பலகாமத்து விவசாயி ஒருத்தி