ஒரு சனிக்கிழமை கேட்கிறோம், ஐயா

எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களின் மாநாடு எப்படி நின்றுபோனது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோப்பு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஜூலையில் கொடுத்த விண்ணப்பம், பிறகு கொடுத்த நினைவூட்டல்கள், நிகழ்ச்சி நிரல், அரங்கம் தருவதாகக் கல்லூரி கொடுத்த கடிதம் எல்லாம் அதில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். போய்க் கேட்கும்போதெல்லாம் பிரிவு எழுத்தர் "சுற்றில் இருக்கு சார்" என்றார். வட்டத்தில் சுற்றும் பொருள் புறப்பட்ட இடத்துக்கு ஒருநாள் வந்துதான் தீரும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தக் கோப்பு பாடத்திட்டத்துக்கு வெளியே சுற்றுகிறது போலும்.

வகுப்பு கெடக் கூடாது என்றுதான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பயணப்படி கேட்கவில்லை. சாப்பாட்டுச் செலவு, பேச வருபவரின் பேருந்துக் கட்டணம், சோடியம் விளக்குக்கான புதுச் சோக்கு வரை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டோம். உங்களிடம் கேட்டது ஒரு வரி அனுமதி. அது வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த வாரத்து வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதே சனிக்கிழமை காலை, மாவட்டத்தின் இயற்பியல் முதுகலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் காலாண்டுத் தேர்ச்சி ஆய்வுக் கூட்டம், யாருக்கும் விலக்கு இல்லை.

எல்லோரும் வந்தோம். வராமல் இருக்க எங்களில் யாருக்குத் தைரியம்?

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள், ஐயா. மாவட்டத்தின் அத்தனை இயற்பியல் ஆசிரியர்களையும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முடியும், அதற்கு ஓர் இரவும் ஒரு கைப்பேசியும் போதும் என்று உங்கள் அலுவலகமே செய்து காட்டிவிட்டது. மாதக்கணக்கில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான். கூடி உட்கார்ந்த பிறகு எதைப் பேசுவது என்பதில் மட்டும்தான் நமக்குள் வேறுபாடு.

ஆய்வுக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் பள்ளிவாரியாக விழுக்காடு ஓடியது. சிவப்பு நிறத்தில் பெயர் வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற ஓர் அம்மாவும் நின்றார். அவர் பள்ளியில் இயற்பியல் படிப்பவர்கள் ஒன்பது பேர், அதில் மூன்று பேர் காலாண்டில் தேறவில்லை. 67 விழுக்காடு. அந்த மூன்று பேரில் ஒருவன் இரவெல்லாம் பேக்கரியில் நின்றுவிட்டுக் காலையில் பள்ளிக்கு வருகிறவன். அதைச் சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த பள்ளியின் பெயர் திரைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியைக் குறித்துவிட்டுக் கோட்டின் சாய்வைச் சொல்லாதே என்று பதினோராம் வகுப்புப் பையன்களைக் கண்டிக்கிறோம். அன்று அந்த அரங்கில் ஒரே தேர்வை வைத்து எல்லோருடைய சாய்வும் கணக்கிடப்பட்டது.

சரி, அது போகட்டும். கல்லூரி அரங்கில் அன்று நடக்காமல் போனதைச் சொல்கிறேன். நிரலைக் கோப்பில் பார்த்திருப்பீர்கள். ஆனால் மதியம் 2 மணிக்கு நேரே "பழுது மேசை" என்று எழுதியிருந்தது என்னவென்று புரிந்திருக்காது.

எங்கள் பள்ளிகள் பலவற்றில் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. ஒளியை நிறங்களாகப் பிரித்து, அது திரும்பும் கோணத்தை அளக்கும் கருவி; பாடநூலில் அதற்கு நிறமாலைமானி என்று பெயர். இருக்கிறது என்றால் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது, பீரோவில் துணி மூடி இருக்கிறது. வெளியே எடுத்தால் தொலைநோக்கி அசையாது, முப்பட்டக மேடையின் திருகு சுற்றாது, வெர்னியர் அளவு படிக்க முடியாமல் மங்கியிருக்கும். இது எல்லாம் சரியாக இருந்தால் சோடியம் விளக்கு எரியாது. நல்ல விளக்கு போட்டவுடன் சிவப்பாகத் தொடங்கிச் சில நிமிடங்களில் மஞ்சளுக்கு வரும். எங்கள் பள்ளி விளக்கு சிவப்பிலேயே நின்று அணைந்துவிடும். விளக்கு பழுதா, சோக்கு பழுதா என்று பார்க்கத் தெரிந்த ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முப்பட்டகத்தைச் சுற்றும்போது பிம்பம் ஓரிடம் வரை நகர்ந்து வந்து, நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கண்ணால் பார்த்தால்தான் சிறுமத் திசைமாற்றக் கோணம் என்றால் என்ன என்று விளங்கும். பார்த்த பிள்ளை அதை மறக்காது. பார்க்காத பிள்ளை சீனியர் அண்ணனின் ரெக்கார்டைப் புரட்டி முப்பட்டகக் கோணம் 60 டிகிரி, திசைமாற்றம் 38 டிகிரி, ஒளிவிலகல் எண் 1.51 என்று எழுதிவிடும். கணக்கு சரி, விடையும் சரி, கருவி மட்டும் பீரோவில். செய்முறைத் தேர்வுக்கு உள்ள 20 மதிப்பெண்ணில் பெரும்பகுதி கிடைத்துவிடும், தேர்ச்சி விழுக்காடும் குறையாது. உங்கள் திரையில் அந்தப் பள்ளி பச்சையில் வரும்.

பழுது மேசை இதற்குத்தான். ஆளுக்கு ஒரு பழுதான கருவியோடு வர வேண்டும். ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவரும் கல்லூரி ஆய்வக நுட்பவியலாளர் ஒருவரும் எங்கள் கண்ணெதிரே பிரித்து, துடைத்து, சரி செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனால் அடுத்த பத்து ஆண்டுக்கு எங்கள் பிள்ளைகள் அந்தப் பிம்பத்தைப் பார்ப்பார்கள். கருவியைப் பள்ளிக்கு வெளியே கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கையில் கேட்டால் யார் பதில் சொல்வது என்று பாதித் தலைமை ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். அனுமதித்தவர்களும் பதிவேட்டில் எழுதி, தனியே ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். மலையடிவாரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றுப் பலகையை வேட்டியில் சுற்றிக்கொண்டு வெள்ளி மாலையே பேருந்து ஏறிவிட்டார். நீளத்தைப் பார்த்த நடத்துநர் அதற்கும் டிக்கெட் போட்டாராம். மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் பலகை அவர் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. விழுக்காட்டுப் பட்டியல் ஓடியபோது பின்வரிசைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். இது என்ன என்று அலுவலகத்திலிருந்து ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை. அன்று ஓ.டி. (பணியில் இருந்ததாகக் கணக்கிடும் அனுமதி), கருவியை எடுத்து வர அனுமதி, அன்றைக்கு வேறு கூட்டம் இல்லை என்கிற உறுதி.

பயிற்சிதான் அடிக்கடி கொடுக்கிறோமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கொடுக்கிறீர்கள், மறுக்கவில்லை. கருத்தாளர் மேலிடத்தில் வாங்கி வந்த படக்காட்சியை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார், நாங்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, தேநீர் குடித்து, படம் எடுத்துக் குழுவில் போடுவோம். பாவம், கருத்தாளரும் எங்களில் ஒருவர்தான். அவரிடம் அந்த டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் ஏன் என் பள்ளியில் மட்டும் தப்பாகக் காட்டுகிறது என்று கேட்டால், மதியத்துக்குள் தலைப்பை முடிக்க வேண்டும் என்பார். பக்கத்து ஊர் ஆசிரியர் "உங்க லேபுல இரும்பு மேசையா சார்? மர மேசையில வெச்சுப் பாருங்க" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறை அளக்கும் கருவியை இரும்பு மேசை மேல் வைத்தால் அது வேறென்ன செய்யும்? அந்தப் பக்கத்து ஊர் ஆசிரியரை நான் பார்ப்பதோ விடைத்தாள் திருத்தும் முகாமில் மட்டும்தான். அங்கே பேசக் கூடாது.

இது சங்கக் கூட்டமா என்றும் ஒரு சந்தேகம் கிளப்பப்பட்டது. நிரலில் ஊதியம் இல்லை, பழைய ஓய்வூதியம் இல்லை, இடமாறுதல் இல்லை. ஒலி ஒத்ததிர்வு, சோனாமீட்டர், டிரான்சிஸ்டர் சிறப்பியல்புகள் இருக்கின்றன. இவற்றால் அரசுக்கு ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, ஐயா. அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியர்கள் 1930இலேயே தங்களுக்கென ஒரு கழகம் தொடங்கினார்கள். இன்றும் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று கூடுகிறார்கள். நம் நாட்டில் பேராசிரியர் டி. பி. கண்டேல்வால் 1984இல் இந்திய இயற்பியல் ஆசிரியர் கழகத்தைத் தொடங்கினார். பள்ளி மாணவர்களுக்கான தேசிய இயற்பியல் தேர்வும் ஒலிம்பியாடின் முதல் படியும் அந்தக் கழகத்தின் வழியாகத்தான் வந்தன. பேராசிரியர் எச். சி. வர்மா போன்றவர்கள் மலிவுப் பொருள்களை வைத்தே சோதனை செய்து காட்டி ஆசிரியர்களைக் கூட்டினார்கள். 2021இல் வர்மாவுக்குப் பத்மஸ்ரீ வழங்கியது அரசுதான். டெல்லியில் விருது கொடுக்கத் தகுந்த ஒரு வேலைக்கு மாவட்டத்தில் ஒரு வரி அனுமதி கொடுக்க முடியாதா?

ஸ்பெக்ட்ரோமீட்டர் நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நிறமாலைக் கருவியோடு குண்டூரிலிருந்து பார்த்தார், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். இரண்டும் அன்றைய சென்னை மாகாணம். அந்த ஆண்டுச் சூரிய ஒளியில் சோடியக் கோடுகளுக்குப் பக்கத்தில் தெரிந்த மஞ்சள் கோடுதான் பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்றது. சோடியம் விளக்கு எரிகிற நாளில் இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். விளக்கு எரியாத நாளில் இதுவும் ஐந்து மதிப்பெண் விடைபோல் ஒப்பிக்கப்படுகிறது.

ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை ஒன்றுதான் என்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை ஏற்ற வேண்டும். மிதிவண்டி வந்து இறங்கினால் எண்ணி வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, கணக்கெடுப்பு வந்தால் வீடு வீடாக. இதற்கெல்லாம் ஓ.டி. கேட்காமலே கிடைக்கிறது, ஆணை நாங்கள் கேட்பதற்கு முன்பே வருகிறது. ஆண்டு முழுக்க எங்களை வகுப்பறைக்கு வெளியே எடுத்துக்கொள்ளத் துறைக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. பாடத்துக்காக நாங்களே ஒரு நாள் வெளியே போகிறோம் என்றால் மட்டும் "மாணவர் நலன் பாதிக்கப்படும்" என்று குறிப்பு எழுதப்படுகிறது. அதுவும் சனிக்கிழமைக்கு!

மன்னிக்கவும், கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். இதற்கெல்லாம் நீங்கள் தனியாகப் பொறுப்பல்ல என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் மேலே திரையும் சிவப்பும் இருக்கும்.

ஆனாலும் இந்த ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது. அரங்கம் தருவதாகச் சொன்ன கல்லூரி இப்போதும் தயார். சமையற்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், அடுத்த முறைக்குக் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதனால் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளைச் சிலர் சொன்னார்கள். செய்முறைத் தேர்வும் அதை ஒட்டிய வேலையும் நடக்கிற சமயத்தில் யாராலும் தலை நிமிர முடியாது. ஆகஸ்டில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை பொருத்தமாக இருக்கும். எப்படியும் அது விடுமுறை நாள், வகுப்பு கெடாது. அரையாண்டுக்கும் நீண்ட தூரம் இருக்கிறது, பழுது பார்த்த கருவியை அந்த ஆண்டுப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கலாம்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் கல்வியாண்டு தொடங்கும்போதே ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமையை மாவட்ட இயற்பியல் ஆசிரியர்களின் நாளாக ஒதுக்கி உங்கள் செயல்முறைகளில் ஓர் ஆணை தாருங்கள். கலந்துகொள்பவர்களுக்கு ஓ.டி. என்றும், ஆய்வகக் கருவிகளைப் பதிவேட்டில் குறித்து எடுத்து வரலாம் என்றும் அதில் இருந்தால் தலைமை ஆசிரியர்கள் பயப்பட மாட்டார்கள். முடிந்தால் நீங்களும் மதியம் 2 மணிக்கு வாருங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன் உட்கார வைத்து அந்தப் பிம்பம் திரும்புவதைக் காட்டுகிறோம்.

என் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 உங்கள் மேசையிலும் இருக்கும்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி