சந்தைப்பேட்டை நடைபாதையில் பார்வையற்றோருக்கான மஞ்சள் ஓடுகளைச் சரியாகப் பதிக்கக் கோரி மீண்டும் மனு

பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. நொய்யல் பாலம் இறங்கிச் சந்தைப்பேட்டை வரும் நடைபாதை தாங்கள் அறிந்ததே. சந்தை நாளில் கண் தெரிந்தவர்களே அங்கே தடுமாறுவார்கள்.

1. கோடு போட்ட ஓடு காலில் பட்டால் நடக்கலாம். புள்ளி ஓடு பட்டால் நிற்க வேண்டும். 1967-இல் ஜப்பானின் ஒகயாமாவில் தொடங்கிய தொடு ஓடு இன்று பல நாடுகளில் இப்படித்தான் பயன்படுகிறது. இங்கே பாலம் முதல் பேருந்து நிறுத்தம் வரை புள்ளி ஓடுகளே. அடிக்கு அடி நில், நில் என்கிறது. நிஜமாகவே நிற்க வேண்டிய இடம் பேக்கரி முன்னால் மூடியில்லாத சாக்கடை. அங்கே மட்டும் கோட்டு ஓடு! அதையும் தாண்டினால் வரிசை நேராக டிரான்ஸ்பார்மர் வேலியில் போய் முட்டுகிறது. வேலிக் கதவு நடைபாதைப் பக்கம் திறந்தே தொங்குகிறது. கைத்தடி அதன் அடியில் நுழைந்துவிடும், முகம்தான் மோதும். என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்குப் புருவத்தில் தையல்.

2. போன் வழி சொல்லுமே என்றார்கள் அலுவலகத்தில். சொல்லுதுங்க. குறைந்த தூரத்தைப் பார்த்துச் சொல்லுது. சாக்கடைக்கு மூடி இல்லை என்று அதற்கு யார் சொன்னது? ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தச் சில மீட்டரில்தான் எங்களுக்கு நடைபாதையும் லாரி ரோடும் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஆக்சஸ்மேப் என்று ஒரு வழிகாட்டி வரைபடம் செய்திருக்கிறார்கள். சரிவு, நடைபாதை ஓர இறக்கம் எல்லாம் பார்த்து ஆளுக்கேற்ற வழி போடும், முக்கியமாகச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு. நடைபாதை விவரம் கையில் இருந்தால்தான் அப்படிக் கணக்குப் போட முடியும். யார் வேண்டுமானாலும் விவரம் ஏற்றக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தொடு ஓடு உண்டா என்று குறிக்க வசதி இருக்கிறது. தங்கள் பொறியியல் பிரிவு விவரத்தைக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளே ஏற்றிவிடுவார்கள்.

3. புகார் செயலி போட்டோ கேட்கிறது. குழியை நான் எப்படிங்கய்யா போட்டோ எடுப்பது? அனுப்பும் பட்டனை, போன் திரையை எங்களுக்கு வாசித்துக் காட்டும் டாக்பேக் வெறும் "பட்டன்" என்றுதான் வாசிக்கிறது.

4. நாங்கள் கேட்பது சலுகை இல்லை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தரும் உரிமை.

5. ஏனுங்க, ஓடு பதிக்கச் செலவு பண்ணியாச்சு. சரியாகப் பதிக்கவா தனி உத்தரவு வேண்டும்? செயலி, வரைபடம் எல்லாம் மெதுவாக ஆகட்டும். வேலிக் கதவை இந்த வாரமே பூட்டச் சொல்லுங்கள். சாக்கடைக்கு மூடி போடுங்கள். ஓடுகளின் வரிசையை வேலிக்கு முன்பே திருப்பிப் பதியுங்கள். பதிக்கும் அன்று எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், நடந்து பார்த்துச் சொல்கிறோம். தயவுசெய்து அந்த ஓடுகளை மாற்றித் தாருங்கள் அய்யா.

இப்படிக்கு,
சந்தைப்பேட்டைப் பகுதி பார்வையற்றோர்