இரண்டு பின்னல்: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

என் அச்சுப் படங்களின் கண்காட்சி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மை இன்னும் போகவில்லை.

முதல் நன்றி, வீட்டுவேலை செய்யும் அக்காக்களுக்கு. உங்களை முதலில் முஷ்டி உயர்த்திய கோலத்தில்தான் செதுக்கினேன். சோதனைப் படியை நெடுநேரம் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர் சொன்னார்: “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தலை பின்னிவிடுகிற கை மாதிரித் தெரியவில்லையே.” விடியுமுன் தன் மகளுக்குப் பின்னிவிட்டு, அடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பின்னப் போகிறவர் அவர். செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கும் லினோலியத் துண்டில் வெட்டி எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது. இரண்டு வார வேலை வீண். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன்? புதுத் துண்டு எடுத்து, முடிக்கு முடி மெல்லிய உளியால் கீறியதுதான் நீங்கள் பார்த்த ‘இரண்டு பின்னல்’.

வீட்டுப் படம் வேறு, போராட்டப் படம் வேறு என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த நாளில் ஜெர்மன் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் படங்களை என் முன் விரித்த ஆசிரியருக்கு நன்றி. பெர்லினின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் கோல்விட்ஸின் கணவர் மருத்துவம் பார்த்தார். அங்கே வந்த பெண்கள் கோல்விட்ஸின் படங்களுக்குள்ளும் வந்தார்கள். 1914இல் மகன் பீட்டரைப் போரில் பறிகொடுத்தார். 1923இல் வெளிவந்த ‘போர்’ வரிசையின் ஏழு மரச்செதுக்குகளில் பீரங்கியைத் தேடினேன். பெற்றோரும் விதவைகளும் தாய்மாரும்தான் கண்ணில் பட்டார்கள்.

அச்சுப்பொறியை இரவல் தந்த நண்பருக்கு நன்றி. அதுவரை கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

மகளே, உனக்கும்தான். ‘கூலி’ என்ற சொல்லை நேராகவே வரைந்து, உளியையும் வைக்கப் போனேன். கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, “அம்மா, அச்சில் இப்படித்தான் விழும்” என்றாயே! சாப்பாட்டு மேசையை மூன்று மாதம் விட்டுக்கொடுத்த உன் அப்பாவுக்கும் நன்றி. (மேசையில் விழுந்த கீறலைப் பற்றி இனி பேச்சில்லை.)

அக்காக்களே, உங்களுக்கென்று நேற்று எடுத்த படிகள் கொடியில் தொங்குகின்றன. எண்ணெய் மை, காய இன்னும் நான்கைந்து நாளாகும். அதற்குள் வந்து சுருட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.